வீட்டின் கார்பன் கணக்கு கூரையில் தொடங்குகிறது

சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே அப்படி நின்றுவிடும். அதனால் கோடையில் நம் ஊர்த் தனி வீடு ஒன்று வாங்கும் வெயிலில் பெரும்பங்கு மொட்டை மாடியின் தலையில்தான் விழுகிறது. கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் அதற்கு அடுத்த நிலை. தெற்குச் சுவருக்கு ஒரு சன்ஷேடு போதும். இப்படி வெயிலை முழுதாக ஏந்துகிற இடத்தில் இன்று நாம் வைப்பது ஐந்தங்குலக் கான்கிரீட் தளம். அது பகலெல்லாம் சூடு ஏறி, பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கத் தொடங்குகிறது. வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே மின்விசிறி வெக்கையைத்தான் சுழற்றுகிறது. அந்தத் தளத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மாடி இல்லாத ஒரு சாதாரண வீட்டில் சிமென்டும் கம்பியும் ஒரே நாளில் மொத்தமாகப் போய்ச் சேருகிற இடம் அதுதான். வீட்டில் இருப்பவர்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் வெக்கையும், வானத்தில் சேரும் கரியமில வாயுவும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. சூழலுக்கு இசைந்த வீடு என்று பேசுகிறவர்கள் சுவரில் தொடங்காமல் கூரையில் தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சிமென்டை ஏன் குறி வைக்க வேண்டும்? உலகில் மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் ஆலைகளிலிருந்து வருகிறது. சீனாவுக்கு அடுத்தபடியாக அதிக சிமென்ட் தயாரிக்கும் நாடு இந்தியா. அரியலூரிலும் திண்டுக்கல் பக்கமும் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டால் கிளிங்கர் கிடைக்கும். அதை ஜிப்சத்துடன் சேர்த்து அரைத்தால் சிமென்ட். சூளைக்கு நிலக்கரி எரிப்பதால்தான் புகை வருகிறது, சூரிய மின்சாரம் வந்தால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நிலக்கரியின் பங்கு பாதிக்கும் குறைவு. சுண்ணாம்புக் கல் வெந்து உடையும்போது அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக் கல்லில் 44 கிலோ இப்படிக் காற்றில் கலந்துவிடும். எரிபொருளை மாற்றினாலும் கல்லின் வேதியியல் மாறாது. ஆகவே சிமென்டைப் பொறுத்தவரை, வேண்டாத இடத்தில் போடாமல் இருப்பதும், கிளிங்கர் குறைந்த வகையை வாங்குவதும்தான் இன்று நம் கைக்கு எட்டும் வழிகள்.

ஒரு சிறு கணக்குப் போடலாம். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்தங்குலத் தளம் என்றால் கிட்டத்தட்ட 12 கன மீட்டர் கான்கிரீட். வழக்கமான 1:1½:3 கலவையில் 90 மூட்டைக்கு மேல் சிமென்ட் போகும். ஓ.பி.சி. எனப்படும் சாதாரண சிமென்ட் ஒரு மூட்டைக்கு 40 கிலோவுக்கு மேல் கரியமில வாயு என்று வைத்தால், சிமென்டுக்கு மட்டும் சுமார் நான்கு டன். கம்பி ஏறத்தாழ ஒரு டன் பிடிக்கும். நம் நாட்டு உருக்காலைகளில் ஒரு டன் உருக்குக்கு இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது. ஆக, கூரைத் தளம் மட்டும் ஆறு டன். இது தளம் போட்ட அன்று எழுதிய கணக்கு. பிறகு அந்தத் தளத்தின் கீழே தூங்க முடியாமல் ஏ.சி. மாட்டுகிறோம். ஓர் இரவுக்கு எட்டு யூனிட், ஆண்டுக்கு 120 இரவு என்று குறைத்தே வைப்போம். 960 யூனிட். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வீதம் ஆண்டுக்கு 670 கிலோ. ஒன்பது ஆண்டில் தளத்தின் கணக்கை ஏ.சி. எட்டிப் பிடித்துவிடும், அதுவும் ஓர் அறைக்கு மட்டும். கட்டும்போது வரும் கார்பனையும் குடியிருக்கும்போது வரும் கார்பனையும் நிபுணர்கள் தனித்தனியாக எழுதுவது வழக்கம். தமிழ்நாட்டு வீட்டில் முன்னதே பின்னதை வரவழைக்கிறது.

அரசின் விதியும் கூரையைத்தான் தொடுகிறது. வீடுகளுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதாவை மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்டது. கூரை வழியாக வெப்பம் கடக்கும் அளவு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அது. மேலே எதுவும் போடாத வெறும் கான்கிரீட் தளத்தின் மதிப்பு 3-க்கும் மேல். அதாவது, நாம் கட்டிக்கொண்டிருக்கும் கூரைகள் விதி கேட்பதைப் போல இரண்டரை, மூன்று மடங்கு வெப்பத்தை உள்ளே விடுகின்றன. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலை என்றால் சாலையில் மயங்கி விழுபவர்தான் நினைவுக்கு வருகிறார். ஆனால் பகல் முழுக்க வெயிலில் உழைத்தவரின் உடல் இரவில் ஆறினால்தான் மறுநாளைத் தாங்கும். இரவிலும் வெந்துகொண்டிருக்கும் அறை முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நேரடியாகத் தாக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வீடும் நலமும் குறித்த வழிகாட்டுதல்கள், வீட்டுக்குள் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதை உடல்நலத் தேவையாகவே பார்க்கின்றன.

கூரையில் வெயிலைத் தடுக்கும் வழியை நம் கொத்தனார்கள் அறியாதவர்கள் அல்லர். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற பழைய தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கு உத்திரங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் கனம் குறைந்த சிறு செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்து பூசி மூலைவாட்டாக அடுக்கிக்கொண்டே போவார்கள். அடியில் தாங்கும் பலகை தேவையில்லை. ஒரு கல் அடுத்த கல்லைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குக் கொட்டி, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட, கலவை இறுகி நீர் புகாத தளமாகும். கடைசியில் தட்டு ஓடு. செங்கல் ஜல்லியில் நுண்துளைகள் அதிகம். அவற்றில் நிற்கும் காற்று வெயிலை மெதுவாக்கும். சுண்ணாம்பும் சூளையில் கரியமில வாயுவை வெளிவிட்டே பிறக்கிறது என்றாலும், சிமென்டைவிடக் குறைந்த சூட்டில், சுமார் 900 டிகிரியில் வேகிறது. பூசிய பிறகு காற்றிலிருந்து அந்த வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத்தான் கல்லாகிறது. விறகு, நிலக்கரியின் புகை மட்டும் கணக்கில் நிற்கும். இன்று தேக்கு உத்திரம் வாங்குவது சாமானியரால் ஆகாது, காடும் தாங்காது. ஆனால் மேலே இருந்த சுண்ணாம்பு ஜல்லித் தளத்தைக் கான்கிரீட்டின்மேல் போட எந்தத் தடையும் இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்வரை போட்டுக்கொண்டுதான் இருந்தோம். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று அதைக் கைவிட்டதுதான் நாம் செய்த பெரிய பிழை.

கான்கிரீட்டையே குறைக்கவும் வழி உண்டு. லாரி பேக்கர், இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாகி, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர். வீட்டுக்கான பொருள்கள் அந்த ஊரைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைத் தம் தொழிலின் அடிப்படையாக எடுத்துக்கொண்டவர். அவர் பரவலாக்கிய நிரப்புத் தளத்தின் தத்துவம் எளிது. தளத்தின் மேல்பாதி அழுத்தத்தைத் தாங்குகிறது. அங்கே கான்கிரீட் வேண்டும். கீழ்ப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பி. அங்கே கம்பிகளுக்கு இடையே கிடக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம். அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்தால், கான்கிரீட்டில் கால் பங்கு வரை மிச்சமாகும், பாரம் குறைவதால் கம்பியும் குறையும், ஓடுகளுக்கு நடுவே அடைபட்ட காற்று சூட்டைத் தடுக்கும். கீழிருந்து பார்த்தால் ஓட்டின் வரிகள் அழகாகத் தெரியும்; அடியில் பூச்சும் வேண்டாம். பொறியாளர் கம்பிக் கணக்கைப் போட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், மேஸ்திரியின் கைக்கணக்கில் செய்யக் கூடாது. தளம் ஏற்கெனவே போட்டாயிற்று என்பவர்களுக்கு இன்னும் மலிவான வழி வெள்ளையடிப்பது. சாம்பல் நிறக் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். நல்ல வெள்ளைப் பூச்சு 70 சதவீதத்துக்கு மேல் அனுப்பும். சுண்ணாம்பு அடித்தாலும் பலன் உண்டு, ஆண்டுதோறும் கோடைக்கு முன் மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அவரைப் பந்தலும் நிழல்தான். தளத்திலிருந்து நாலடி உயர்த்தி மாட்டிய சோலார் தகடும் நிழல்தான். மின்சாரத்தை எழுதுவதுபோல அந்த நிழலின் மதிப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

சுவருக்கு வருவோம். செங்கல் சூளையின் விலையைக் கோவை தடாகம் பள்ளத்தாக்கு போய்ப் பார்த்தவர்கள் அறிவார்கள். யானைகள் நடந்த நிலத்தில் செம்மண்ணைத் தோண்டித் தோண்டிப் பெரும் பள்ளங்களாக்கிய பிறகுதான் 2021-ல் அங்கே சூளைகள் மூடப்பட்டன. சுட்ட செங்கல் வேண்டும் என்றாலும் எண்ணிக்கையைக் குறைக்கலாம். கல்லைப் படுக்க வைக்காமல் ஓரமாக நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டில் அதே ஒன்பதங்குலச் சுவருக்குச் செங்கல் நான்கில் ஒரு பங்கு குறையும், கலவை அதைவிடவும் குறையும். வெற்றிடத்தில் நிற்கும் காற்று மேற்குச் சுவருக்கு நல்ல காப்பு. அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் ஃபிளை ஆஷ் கல்லுக்குச் சூளையே கிடையாது. தண்ணீரில் நனைத்து இறுக்குவதுதான். எண்ணூர் மக்களின் ஆற்றையும் மூச்சையும் கெடுத்த அந்தச் சாம்பலைச் சுவருக்குள் பூட்டுவது நல்ல காரியம், அதற்காகவே நிலக்கரி எரிப்பதை நியாயப்படுத்த முடியாது என்றாலும். மூன்றாவது வழி அழுத்திய மண்கல். ஆரோவில் மண் கட்டடக் கழகம் பல ஆண்டுகளாக இதைச் செய்தும் கற்றுக்கொடுத்தும் வருகிறது. மேல்மண்ணை ஒதுக்கி, அடிமண்ணைச் சலித்து, 5 சதவீதம் சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் அழுத்தப் பொறியில் கல்லாக்கி, நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்தால் போதும். மண் தோண்டிய குழி மழைநீர்த் தொட்டியாகும். எல்லா மண்ணும் இதற்கு ஆகாது. கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அங்கே சிமென்டைவிடச் சுண்ணாம்பு கலப்பதே பொருந்தும், அல்லது வேறு கல்லுக்குப் போவதே மேல்.

மண்கல் என்றதும் முதலில் வரும் கேள்வி, மழைக்குக் கரையாதா என்பது. நியாயமான கேள்வி. நிலைப்படுத்தாத பச்சை மண் கரையத்தான் செய்யும். அழுத்தி நிலைப்படுத்திய கல்லுக்கும் நனைந்த நிலையில் வலிமை பாதியளவுக்குக் குறையும்; அந்தப் பாதியை வைத்துத்தான் பொறியாளர் கணக்குப் போட வேண்டும். கருங்கல் அடித்தளம் தரைக்கு மேலே ஒன்றரை இரண்டு அடி உயர்ந்திருக்க வேண்டும், கூரை சுவரைத் தாண்டி இரண்டடி நீள வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு மண்வீட்டைக் குறை சொல்வது சரியல்ல. 1990-களின் தொடக்கத்தில் எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையம் மண்கல் கட்டடம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது அந்தக் கரையோரத்தில்தான்; வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் கொட்டுவதும் அங்கேதான். கட்டடம் நிற்கிறது. மாடி கட்ட முடியாது என்பதற்கும் அங்கேயே விடை உண்டு: விகாஸ் குடியிருப்பில் நான்கு தளம் வரை மண்கல்லில் எழுப்பியிருக்கிறார்கள். பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் நூலகக் கோபுரம் ஏழு தளம், செங்கல் சுவர்.

உடல்நலத்தில் வெப்பத்துக்கு அடுத்தது ஈரம். ஓதம் ஏறும் சுவரில் சிமென்ட் பூச்சும் அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷனும் அடித்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிப் பூசணம் பிடிக்கும். ஈரமும் பூசணமும் ஆஸ்துமாவையும் மூச்சுத் தொல்லைகளையும் கூட்டுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டுதல் எழுதியது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெளிவிடும். அதன் காரத்தன்மையில் பூசணம் எளிதில் வளராது. மர வேலையில் கவனிக்க வேண்டியது ஃபார்மால்டிஹைடு. மலிவான பிளைவுட்டையும் பார்ட்டிக்கிள் போர்டையும் ஒட்டும் பசையிலிருந்து அது ஆண்டுக்கணக்கில் கசியும். மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்தியது. இ-0, இ-1 என்ற தர முத்திரை உள்ள பலகை கசிவு குறைந்தது. குழந்தைகள் தூங்கும் அறையில் மற்றதை வைக்கவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் தகடு இன்னும் கடையில் கிடைக்கிறது என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது. பழைய தகட்டை மாற்றும்போது உடைக்கவோ அறுக்கவோ கூடாது. நன்றாக நனைத்து முழுசாக இறக்க வேண்டும். தூளை மூச்சில் இழுப்பவர் இறக்குகிற கூலித் தொழிலாளி.

எதிர்வாதங்களில் மிகவும் கனமானது வேறொன்று. கான்கிரீட் வீடு என்பது ஏழைக்குக் கௌரவம். ஓட்டு வீடும் மாடி வீடும் கட்டக் கூடாது என்று ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குத் தடை இருந்த ஊர்கள் நம் வரலாற்றில் உண்டு. ஆண்டுக்கொரு முறை கீற்று மாற்றி, கோடைத் தீக்கும் ஐப்பசி மழைக்கும் அஞ்சி வாழ்ந்தவர்களிடம் போய், மண்ணும் ஓலையும்தான் சூழலுக்கு நல்லது என்று உபதேசம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. தமிழகத்தைக் குடிசையில்லா மாநிலமாக்க 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை தருகிறது. அந்தக் கூரை அவர்களுக்கு வேண்டும். நான் கேட்பது அந்தக் கூரை இன்னும் நல்ல கூரையாக இருக்க வேண்டும் என்பது. முன்னர் 2011-ல் வந்த பசுமை வீடுகள் திட்டத்திலும் சூரிய விளக்குகள் கொடுத்தார்கள், தளத்தின் மேற்பரப்பைக் கவனிக்கவில்லை. ஏ.சி. வாங்க முடியாத குடும்பத்துக்குத்தான் குளிர்ந்த தளம் அதிகம் தேவை. லட்சக்கணக்கான வீடுகளின் மதிப்பீட்டில் வெள்ளைப் பூச்சையும் நிரப்புத் தளத்தையும் ஒரு வரியாகச் சேர்ப்பது அரசுக்குப் பெரிய காரியமில்லை. ஒரே ஆணையில் ஒரு தலைமுறைக் கொத்தனார்கள் அந்த வேலையைக் கற்றுக்கொள்வார்கள். கேரளத்தில் 1980-களில் நிர்மிதி கேந்திரங்கள் கொத்தனார் பயிற்சியை அரசு ஆதரவுடன்தான் பரப்பின.

தொழிற்சாலைகளே மாறிவிடும், வீடு கட்டுகிறவர் ஏன் மண்டையை உடைக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. மாற்றம் வருகிறது, மறுக்கவில்லை. எல்.சி.3 எனப்படும் சிமென்டில் கிளிங்கர் பாதிதான். மீதி சுட்ட களிமண், சுடாத சுண்ணாம்புக் கல், கொஞ்சம் ஜிப்சம். களிமண்ணுக்கு 800 டிகிரி சூடே போதும். கரியமில வாயு 40 சதவீதம் வரை குறையும். சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து உழைத்த இந்த வகைக்கு இந்தியத் தர நிர்ணயம் 2023-ல் வந்தது. கடைத்தெருவுக்குப் பரவலாக வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. சாம்பல் கலந்த பி.பி.சி.யில் 35 சதவீதம் வரையும், உருக்காலைக் கசடு கலந்த பி.எஸ்.சி.யில் 70 சதவீதம் வரையும் கிளிங்கருக்கு மாற்று சேர்க்கத் தர விதி இன்றே அனுமதிக்கிறது. தளத்துக்கு ஓ.பி.சி. 53 கிரேடுதான் வேண்டும் என்று மேஸ்திரிகள் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் சென்ட்ரிங் பலகையைச் சீக்கிரம் பிரிக்கலாம் என்பது. கலப்புச் சிமென்ட் ஆரம்பத்தில் மெதுவாக இறுகும், நாள் கூடுதலாகத் தண்ணீர் கட்டி வைத்தால் பின்னால் நல்ல வலிமை தரும். உப்புக் காற்று வீசும் கடலோரத்தில் கம்பியைத் துருவிலிருந்து காப்பதிலும் அதுவே மேல். பலகை வாடகை ஒரு வாரம் கூடும். அந்த வாடகை எவ்வளவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

இயற்கை வீடு இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் பண்ணை வீட்டுக்காரர்களின் ஆடம்பரமாகப் பார்க்கப்படுவதற்கு அதைப் பரப்பிய இயக்கமும் ஒரு காரணம். முழுதும் மண், முழுதும் சுண்ணாம்பு, இல்லையேல் பயனில்லை என்ற தொனியில் பேசியதால், இருபது லட்சம் கடன் வாங்கி இரண்டு சென்டில் கட்டுகிறவர் தனக்கு இது இல்லை என்று ஒதுங்கிப் போனார். சுண்ணாம்பு வேலை தெரிந்த கை குறைவு, கூலி கூடுதல் என்பது உண்மை. அஸ்திவாரத்துக்கும் லிண்டலுக்கும் குளியலறைக்கும் சிமென்ட் தேவை என்பதும் உண்மை. ஆனால் எலிப்பொறிக் கட்டும் நிரப்புத் தளமும் செலவைக் கூட்டுவதில்லை, குறைக்கின்றன. பி.பி.சி. மூட்டை ஓ.பி.சி.யைவிட விலை கூடியதல்ல. வெள்ளைப் பூச்சு ஒரு ஏ.சி. விலையில் சிறு பகுதி. வீட்டின் அளவையே நூறு சதுர அடி குறைத்தால் அதைவிடப் பெரிய சிக்கனம் வேறில்லை.

வீடு கட்டப் போகிறவர்கள் வரைபடம் இறுதியாகும் முன்பே பொறியாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள். தளத்தில் எத்தனை மூட்டை சிமென்ட், எத்தனை கிலோ கம்பி, அதில் எவ்வளவைக் குறைக்க முடியும் என்று எழுத்தில் கேளுங்கள். கூரைக்கு மேலே என்ன வரப்போகிறது என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள். தளம் போட்ட பிறகு கேட்டால் ஆறு டன்னில் ஒரு கிலோகூடத் திரும்ப வராது.